வெறுமையாய் இறங்கிய சட்டி

கடைச் சாப்பாடு உடம்புக்கு ஆகாது என்று சொல்பவர்கள் றுக்கியா அவித்த இடியப்பத்தைச் சாப்பிட்டிருக்கமாட்டார்கள். நூல்போல மெல்லியதாக இருக்கும், ஆனால் குழையாது. சொதி, ஆறிய பின்னும் திரளாது. வாழையிலையில் வைத்துப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிய அந்தப் பொதியை மடியில் வைத்து அவிழ்க்கும்போது எழும் வாசத்தை, அறுபது வயதுக்குப் பின்னர்தான் நான் அறிந்துகொண்டேன்.

இன்ஸ்பெக்டர் ஐயா, சாப்பாட்டிலிருந்து தொடங்குவதைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நடந்ததை ஒழுங்காகச் சொல்வதானால் அங்கிருந்துதான் தொடங்கவேண்டும். உங்கள் எழுத்தர் ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் நான் அடுத்ததற்குப் போய்விடுகிறேன் என்று தாளை என்னிடமே தந்துவிட்டீர்கள். அது நல்லதாயிற்று. பிறர் கட்டிய வாக்கியத்தின் கீழே கையொப்பம் இடுவது எனக்குப் பழக்கமில்லை.

என் பெயர் சிவகாமிப்பிள்ளை. கந்தளாயில் ஒரு பெண்கள் பாடசாலையில் தலைமையாசிரியையாக இருந்து, சென்ற ஆண்டு, அதாவது அறுபத்தேழின் இறுதியில், ஓய்வுபெற்றேன். திருமணம் செய்துகொள்ளவில்லை. குணமணி என் ஒரே தங்கை. அவளைப் பெற்ற கையோடு அம்மா இறந்துபோனதால், அவளை வளர்க்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அவள் கைக்குழந்தையாக இருந்தபோது நான் கல்லூரி மாணவி. பிற்காலத்தில் நான் பாடசாலையை நடத்தினேன். அவள் வீட்டை நடத்தினாள். அவளுக்குச் சிறுவயது முதலே மூச்சு இழுப்பு நோய் இருந்தது. ஆகவே அவளுக்குக் கலியாணம் பேசவில்லை. அவளும் கேட்கவில்லை.

தை மாதத்தில் நகரத்துக்கு வந்தோம். இறங்குதுறைக்குப் போகும் வீதியில், முன்னர் ஒரு கப்பற் கம்பனியின் அலுவலகமாக இருந்த கட்டடத்தைப் பிரித்து வீடுகளாக்கியிருந்தார்கள். மூன்றாம் மாடி எங்களுடையது. இரண்டு அறைகள், ஒரு குசினி, வீதியைப் பார்த்தபடி ஒரு விறாந்தை. விறாந்தையில் நின்றால் துறைமுகம் முழுவதும் தெரியும். மூதூருக்குப் போகும் லோஞ்சுப் படகு புறப்படுவதையும் திரும்புவதையும் பார்க்கலாம். கட்டடத்தின் அடியில் அபூதாஹிர் என்பவரின் சாப்பாட்டுக் கடை இருந்தது. அவர் முன்னால் நின்று வியாபாரம் பார்க்க, அவருடைய மனைவி றுக்கியா பின்னால் சமைப்பாள்.

அந்தக் கட்டடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மேலே குடியிருப்பவர்கள் சாப்பாட்டுக்காகப் படியிறங்குவதில்லை. கயிற்றில் கட்டிய பனையோலைக் கூடையை விறாந்தையிலிருந்து இறக்குவார்கள். வேண்டியதை மேலே நின்று சொன்னால், கடையில் பொதிகட்டிக் கூடையில் வைத்துக் கயிற்றை ஓர் ஆட்டு ஆட்டுவார்கள், மேலே இழுத்துக்கொள்ளலாம். கடையில் மாட்டிறைச்சியும் சமைப்பார்கள் என்பதால் எனக்குத் தயக்கம் இருந்தது. அதை நான் வாய்விட்டுச் சொல்வதற்கு முன்னரே றுக்கியா விளங்கிக்கொண்டாள். மீன் தின்றாலும் மாடு தொடாத எங்களைப் போன்ற சைவ வீடுகளுக்கென்று தனிச் சட்டிகள் வைத்திருந்தாள். எங்களுக்குரியது பச்சைக் கரையிட்ட ஓர் எனாமல் சட்டி. அதில் சொதி வரும்; கழுவிய சட்டி அடுத்த வேளை கூடையில் திரும்பிப் போகும்.

முதல் மாதம் நாங்கள் மகிழ்ச்சியாகவே இருந்தோம் என்பதை நீங்கள் பதிவுசெய்ய வேண்டும். காலையில் இடியப்பம், மத்தியானம் சோறும் பாரைமீன் கறியும், மாலையில் பராட்டா. குணமணி நிலத்தில் காலை நீட்டியிருந்து பொதியை அவிழ்ப்பாள்.

“நான் ஊதாத அடுப்பில வெந்த சோறு இவ்வளவு ருசியோ அக்கா?” என்று ஒருநாள் கேட்டாள். “இது தெரிஞ்சிருந்தா எப்பவோ கையை முறிச்சுக்கொண்டு படுத்திருப்பன்.”

நான் சிரித்தேன். நான் சிரிப்பது அரிது.

மறுவாரம் எங்கள் அடுப்பைக் கீழ்வீட்டுக்காரருக்குக் கொடுத்துவிட்டேன். புகை அவளுடைய நெஞ்சுக்கு ஆகாது. குணமணி வெறுமையான குசினி வாசலில் சிறிது நேரம் நின்றாள்.

“அடுப்பையும் குடுத்தாச்சு. இனி எனக்கு என்ன வேலை?”

“ஓய்வாக இரு” என்றேன்.

அடுப்பு இல்லாதபடியால் சந்தைக்குப் போகும் தேவை இல்லாமற் போயிற்று. சவர்க்காரம், நூல், தலைவலித் தைலம் எல்லாவற்றையும் அபூதாஹிர் அயற்கடைகளில் வாங்கிக் கூடையில் வைப்பார். வெள்ளிக்கிழமைகளில் அவள் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போய்வந்தாள். மூன்று மாடி ஏறி வந்து இருமினாள். ஆகவே அம்பாளின் படமொன்றை வாங்கி வீட்டிலேயே மாட்டினேன். இவற்றில் எதையாவது எடுத்து, இது தவறு என்று உங்களால் சொல்ல முடியாது. நோயாளியான ஒரு தங்கைக்கு வசதியுள்ள ஓர் அக்கா செய்யக்கூடியவை இவை.

சட்டி விடயத்தில் மாத்திரம் எங்களுக்குள் கருத்து வேறுபாடு இருந்தது. அயல்வீட்டார் ஏதேனும் தந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற பழைய வழக்கத்தை நீங்களும் அறிந்திருப்பீர்கள். குணமணி அதை விடவில்லை. கழுவிய சட்டியில் ஒரு கிள்ளுச் சீனி, அல்லது ஒரு தேசிக்காய், ஒன்றுமில்லாவிட்டால் விறாந்தையில் தகரத்தில் வளர்த்த கறிவேப்பிலையில் ஓர் இணுக்கு வைத்துத்தான் இறக்குவாள்.

“இது காசு கொடுத்து வாங்கும் சாப்பாடு. கடைக்காரியோடு என்ன கொண்டாட்டம்?” என்று கேட்டேன்.

“வெறுஞ்சட்டி குடுத்தா பாக்கிறவை என்ன நினைப்பினம்? வீட்டில ஆக்கள் இல்லை எண்டெல்லோ நினைப்பினம்.”

அற்ப விடயம் என்று விட்டுவிட்டேன். அது நான் செய்த பிழை. சிறிய ஒழுங்கீனத்தை அனுமதித்தால் என்னவாகும் என்பதை ஆயிரம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

கதிராமன் மூதூர் லோஞ்சை ஓட்டுபவன். உப்புவெளியைச் சேர்ந்தவன், மனைவியை இழந்தவன். மத்தியானச் சாப்பாட்டுக்கு அபூதாஹிரின் கடைக்கு வருவான். கடையில் கூட்டமாக இருந்தால் எங்கள் பொதியை அவனே கூடையில் வைப்பான். ஒருநாள் நான் உள்ளே பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது அவனுடைய குரல் கேட்டது.

“என்ன தங்கச்சி, ஒவ்வொரு நாளும் கூடைதான் இறங்குது. ஆக்கள் இறங்குறேல்லையோ?”

“கயிறு தாங்காது” என்றாள் குணமணி.

“என்ர லோஞ்சுக் கயிறைக் கொண்டுவாறன். நங்கூரத்தையே தாங்கும்.”

“அப்ப என்னை நங்கூரம் எண்டுறியளோ?”

அபூதாஹிர் கீழே விழுந்து விழுந்து சிரித்தார். குணமணியும் சிரித்தாள். அது எனக்குத் தெரியாத சிரிப்பு. அவளுக்குப் பால் புகட்டியவள் நான்; அவளுடைய ஒவ்வொரு இருமலும் எனக்குத் தெரியும். ஆனால் அந்தச் சிரிப்பை நான் அதற்கு முன் கேட்டதேயில்லை.

ஆவணியில் அவன் வெள்ளைச் சட்டை அணிந்து, ஒரு சீப்பு வாழைப்பழத்துடன் படியேறி வந்தான். கதிரையில் இருக்கச் சொன்னேன். வீட்டில் அடுப்பு இல்லாதபடியால் கூடையை இறக்கித் தேநீர் எடுப்பித்தேன். உபசாரத்தில் நான் குறைவைக்கவில்லை.

“டீச்சர், எனக்குச் சுத்திவளைச்சுக் கதைக்கத் தெரியாது. குணமணியைக் கேட்டுத்தான் வந்தனான்.”

“அவள் நோயாளி. கலியாண வயதும் கடந்துவிட்டது.”

“எனக்குந்தான் கடந்திட்டுது. உப்புவெளியில கடற்காத்து. நெஞ்சுக்கு நல்லது எண்டு மருந்து குடுக்கிற அப்போதிக்கரி ஐயாவே சொன்னவர். நாங்கள் என்ன, பிள்ளைகுட்டி பெறவோ போறம்? சேர்ந்து இருந்து சாப்பிடப் போறம், அவ்வளவுதான்.”

யோசித்துச் சொல்வதாகக் கூறி அனுப்பினேன். குணமணி அறைக் கதவின் பின்னால் நின்றிருந்தாள். அவன் இறங்கிப்போன பின் வெளியே வந்து, வாழைப்பழச் சீப்பை மேசையின் நடுவில் நேராக்கி வைத்தாள்.

“கேட்டா நான் ஓம் எண்டுதான் சொல்லுவன் அக்கா.”

“என்னை யார் பார்ப்பது?”

“நீங்களும் வாங்கோவன். இல்லாட்டி நான் நாள்தோறும் வந்து பாத்திட்டுப் போறன். பஸ் ஓடுதுதானே.”

பார்த்துவிட்டுப் போவதற்கு நான் என்ன, ஆசுபத்திரியில் படுத்திருப்பவளா?

மறுநாள் கடை வாசலில் கதிராமனைக் கண்டு, குணமணிக்கு விருப்பமில்லை என்று சொன்னேன். அவளே சொல்லச் சொன்னாள் என்றும் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு, “ஓம் டீச்சர், அவவின்ர விருப்பம்” என்றான். அதன்பின் அவன் அந்தக் கடைக்குச் சாப்பிட வரவில்லை. குணமணியிடம், அவன் மூதூரிலேயே வேறு பெண்ணைப் பார்த்துவிட்டான் என்று சொன்னேன். இரண்டுமே பொய். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாதவை. ஆகவே இருவருக்கும் மன அமைதி கிடைக்கும் என்று கருதினேன்.

குணமணிக்குக் கிடைக்கவில்லை. அவனுடைய வாயாலே கேட்டுவரப் போவதாகச் சொல்லி ஒருநாள் செருப்பை மாட்டினாள். அன்றுதான் வாசற்கதவைப் பூட்டிச் சாவியை என் இடுப்பில் செருகினேன். துறைமுகப் பகுதியில் கள்வர் தொல்லை இருப்பது உங்களுக்குத் தெரியாததன்று. விறாந்தையில் நின்று லோஞ்சைப் பார்க்கிறாள் என்று கண்ட பின்னர், விறாந்தைக் கதவுக்கும் ஒரு பூட்டு வாங்குவித்தேன்; அதுவும் கூடையில்தான் வந்தது. கூடையை இறக்கும் வேலையை நானே எடுத்துக்கொண்டேன். அவள் முதலில் அழுதாள். பிறகு கதவருகே நின்று கைப்பிடியைத் திருப்பிப் பார்ப்பாள். பிறகு அதையும் விட்டுவிட்டாள். அடிக்கவோ பட்டினி போடவோ இல்லை. மூன்று வேளையும் சூடான சாப்பாடு வந்தது. அவள் கழுவிய சட்டியை நான் கூடையில் வைப்பேன். அதற்குள் அவள் வைத்த சீனியையோ உப்பையோ நான் எடுத்துக் கொட்டியதில்லை. கறிவேப்பிலைத் தகரத்தைத் தன் கட்டிலருகே வைக்கவேண்டுமென்று கேட்டாள்; வைத்தேன். இவ்வளவு விட்டுக்கொடுத்தேன்.

கார்த்திகை மழை தொடங்கியதும் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, இழுப்பும் கூடியது. வீதிக்கு அப்பால், எதிர்க் கட்டடத்தில் அப்போதிக்கரி இருக்கிறார். விறாந்தையில் நின்று கூப்பிட்டால் கேட்கும் தூரம். ஆனால் அவர் வருவதானால் கதவைத் திறக்கவேண்டும். அவர் கதிராமனுக்கு உப்புவெளிக் கடற்காற்றைப் பற்றிச் சொன்னவர். வந்தால் அதையேதான் குணமணியிடமும் சொல்லுவார். ஆகவே கொத்தமல்லி ஊறவைத்த தண்ணீர் கொடுத்தேன். நெஞ்சில் தைலம் பூசினேன். இரவு முழுவதும் அவளை நிமிர்த்தி என் தோளில் சாய்த்துப் பிடித்திருந்தேன். பெற்ற தாய்கூட அப்படிப் பிடித்திருக்கமாட்டாள்.

அவளால் எழுந்து சட்டியைக் கழுவ முடியவில்லை. நான் கழுவினேன். கட்டிலில் இருந்தபடியே கறிவேப்பிலையில் ஓர் இணுக்கு முறித்து நீட்டினாள்.

“அக்கா, வெறுஞ்சட்டி இறக்காதேங்கோ.”

வைத்தேன். நோயாளியோடு வாதிடக் கூடாது.

வியாழக்கிழமை மாலை கூடையை இறக்கியபோது றுக்கியாவே முன்னால் வந்து நின்று மேலே பார்த்தாள்.

“டீச்சர், தங்கச்சி எங்க? காணக் கெடைக்குதில்லயே. இருமல் சத்தம் கீழ வரைக்கும் கேக்குது.”

“கொஞ்சம் தடிமன். உறங்குகிறாள்.”

“ஒரு கஞ்சி காய்ச்சித் தரட்டா?”

“வேண்டியதில்லை. வழமையான இரண்டு பொதிகள் போதும்.”

அவள் சட்டியிலிருந்த கறிவேப்பிலையை எடுத்து மோந்து பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆத் தொழுகைக்காக மத்தியானம் கடையைப் பூட்டுவார்கள். அந்த வேளையில் கூடைக்கு வேலையில்லை. முதல்நாளே பாணும் வாழைப்பழமும் வாங்கி வைத்துக்கொள்வோம். ஆண்கள் எல்லோரும் பள்ளிக்குப் போய்விட, வீதி அடங்கிக் கிடக்கும். கடை பூட்டியிருந்தபடியால் றுக்கியாவுக்கும் ஓய்வு. அதை நான் எண்ணிப் பார்க்கவில்லை.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு கதவு தட்டப்பட்டது.

“டீச்சர், நான்தான் றுக்கியா. கஞ்சி கொண்டாந்தன். கதவத் தொறங்க.”

மறுபடியும் தட்டினாள்.

“தங்கச்சி, உள்ளுக்க இருக்கீங்களா? ஒரு சத்தம் குடுங்க, நான் போயிடுறன்.”

குணமணி சத்தம் கொடுக்கவில்லை. றுக்கியா நெடுநேரம் நின்றாள். பிடிவாதக்காரி. கடைசியில் கஞ்சிக் கோப்பையை வாசலில் வைத்துவிட்டு இறங்கிப் போனாள். அதன் பிறகு குணமணிக்கு இழுப்பு இல்லை.

அவளைத் துடைத்து, தலைவாரி, கோயிலுக்குக் கட்டும் நீலச் சேலையை உடுத்தினேன். போர்வையைக் கழுத்துவரை இழுத்து மடிப்பில்லாமல் விட்டேன். மாலையில் கடை திறந்ததும், காலையில் குணமணி கறிவேப்பிலை நீட்டியிருந்த சட்டியை வைத்து வழமைபோலக் கூடையை இறக்கி இரண்டு பொதிகள் கேட்டேன். இரண்டையும் நானே சாப்பிட்டேன். ஒன்று கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். உணவை வீசுவதும் எனக்குப் பிடிக்காது. திரும்பி வந்த சட்டியை முன்னெப்போதும் இல்லாத அளவுக்குச் சவர்க்காரமிட்டுத் தேய்த்தேன். பச்சைக் கரை பளிச்சென்று தெரிந்தது. சனிக்கிழமை காலை அதைக் கூடையில் வைத்து இறக்கினேன்.

றுக்கியா சட்டியைக் கையில் எடுத்தாள். உள்ளே பார்த்தாள். அடியில் விரலை விட்டுத் தடவினாள். பிறகு தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். இடியப்பத்தை வைக்கவில்லை. சட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, மழையில் உங்கள் நிலையம் இருக்கும் பக்கமாக நடந்தாள். நான் கயிற்றைப் பிடித்தபடி நின்றேன். கூடை அந்தரத்தில் ஆடிக்கொண்டிருந்தது. அந்தச் சிறிய ஒழுங்கீனத்தை ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தால் அவள் சட்டிக்குள் பார்த்திருக்கமாட்டாள்.

நீங்கள் கதவை உடைத்தது அவசியமற்றது. முறையாகக் கேட்டிருந்தால் திறந்திருப்பேன்.

இனி, நீங்கள் மூன்று தடவை கேட்ட கேள்விக்கு வருகிறேன். குணமணி றுக்கியாவுக்கு ஏன் பதில் சொல்லவில்லை?

சொல்ல முயன்றாள். தட்டும் சத்தம் கேட்டதும் கட்டிலில் எழுந்திருந்தாள். காய்ச்சலில் அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கூப்பிடுவதற்காக மூச்சை இழுத்தாள். அவளுக்கு மூச்சு எவ்வளவு அருமையானது என்பது என்னைவிட வேறு யாருக்கும் தெரியாது. என் வலக்கையை அவளுடைய வாயிலும் மூக்கிலும் வைத்தேன். இடக்கையால் தலையைத் தாங்கிக்கொண்டேன், சுவரில் மோதாதபடி. அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிறகு பிடி தளர்ந்தது. கதவுக்கு அப்பால் றுக்கியா நின்றுகொண்டேயிருந்தாள். ஆகவே நானும் பிடித்துக்கொண்டேயிருந்தேன்.

தங்கையின் மூச்சு நின்றது, றுக்கியா படியிறங்குவதற்கு முன்னரா பின்னரா என்று கேட்டீர்கள்.

முன்னர். நன்றாக முன்னர். அது எனக்குத் தெரியும், உள்ளங்கையில் தெரிந்தது. செருப்புச் சத்தம் இறங்கி, வீதியில் கேட்டு, முற்றாக மறைந்த பின்னரும் நான் கையை எடுக்கவில்லை. கையை எடுத்தால் அவள் போய்விடுவாள் என்று தோன்றியது.